புல்வெளிக்குப் போன ஸ்டாக் கார்கள்: இண்டியானாபொலிஸ் பயணக் குறிப்புகள்

செவ்வாய், டெட்ராய்ட்

செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை அமெரிக்கர்களுக்குத் தொழிலாளர் தினம். அந்த விடுமுறையை ஒட்டி இண்டியானாபொலிஸ் நகருக்கு மேற்கே யு.எஸ். நேஷனல்ஸ் என்னும் டிராக் பந்தயம் நடக்கிறது; நேர்ப்பாதையில் கால் மைல் தூரத்துக்கு இரண்டிரண்டு கார்களாக மோதும் விளையாட்டு இது. அதைப் பார்க்கவே இந்தப் பயணம். இந்தப் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, நைட்ரோமீத்தேனை எரித்து மணிக்கு 330 மைல் வேகத்தைத் தொடும் டாப் ஃப்யூயல் ஊர்திதான். நான் தேடி வந்தது வேறு. தொழிற்சாலை விற்ற காரை விதிப்புத்தகம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் திருத்திக்கொண்டு, வார நாட்களில் வேறு வேலை பார்க்கும் அமெச்சூர்கள் சொந்தச் செலவில் ஓட்டும் ஸ்டாக் வகுப்பையும் அதற்கு அடுத்த படியான சூப்பர் ஸ்டாக் வகுப்பையும் பார்க்க வந்திருக்கிறேன். இந்த விளையாட்டின் நடுவீட்டில் இருந்த அந்த வகுப்புகள் இப்போது எங்கே நிற்கின்றன என்பதே என் கேள்வி.

என் பெரியப்பா மகன் இங்கே கியர் பெட்டி வடிவமைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்று மாலை அவருடன் உட்வர்டு அவென்யூவில் வடக்கு நோக்கிக் காரில் போனோம். 1960களில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு இளைஞர்கள் பந்தயம் விட்ட சாலை இது. கார் நிறுவனங்களின் பொறியாளர்களும் சோதனை வண்டிகளை இங்கே கொண்டுவந்து பார்த்தார்கள் என்று அண்ணன் கேள்விப்பட்டதைச் சொன்னார். கிரைஸ்லரின் இளம் பொறியாளர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நடத்திய ராம்சார்ஜர்ஸ் குழு வளர்ந்ததும் இந்த வட்டாரத்தில்தான். 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் நேஷனல்ஸ் நடந்த டெட்ராய்ட் டிராக்வே, நகரின் தெற்கே இருந்தது. இப்போது அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வென்றால் திங்கட்கிழமை விற்கும் என்பது அக்காலத்துக் கார் வணிகர்களின் தாரக மந்திரம். 1961-இல் விண்டர்நேஷனல்ஸ் என்னும் மற்றொரு பெரிய டிராக் பந்தயத்தில் டான் நிக்கல்சன் 409 கன அங்குல எஞ்சின் கொண்ட செவ்ரோலே இம்பாலாவில் ஸ்டாக் பட்டத்தை வென்றபோது, அதே பெயருள்ள காரை மறுநாள் யாரும் விற்பனைக் கூடத்தில் போய்க் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. பார்வையாளனுக்கும் பந்தயப் பாதைக்கும் இடையே ஒரு விற்பனையாளர் மட்டுமே நின்றார். அந்தத் தூரம் எப்படி இவ்வளவு நீண்டுபோனது என்று அண்ணனிடம் கேட்டேன். "அங்கே போய்ப் பார் தம்பி, உனக்கே தெரியும்" என்று முடித்துவிட்டார்.

புதன், பிரவுன்ஸ்பர்க்

ஐ-69 நெடுஞ்சாலையில் ஃபோர்ட் வெய்ன் வழியாகத் தெற்கே வந்தோம். இருபுறமும் சோளமும் சோயாவும். பார்த்த அரை மணி நேரத்தில் சலித்துவிடும் சமவெளி. ஆகவே வழியெல்லாம் பேச்சுத்தான்.

இந்தப் பந்தயங்களை நடத்துவது, வாலி பார்க்ஸ் 1951-இல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு. அது தன் முதல் நேஷனல்ஸ் பந்தயத்தை 1955-இல் கேன்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில், இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட விமானத்தளத்தில் நடத்தியது. மழை பெய்து கெடுத்ததால் இறுதிச் சுற்றுகளை நவம்பரில் அரிசோனாவில் வைத்துக்கொண்டார்கள். நம் சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் சென்னைக்காரர்கள் வீட்டுக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிப் பழகினார்கள் என்பதை அண்ணனுக்கு நினைவூட்டினேன். ஓடுதளமும் சொந்த வண்டியும் இருந்தால் போதும் என்ற அந்த எளிமைதான் ஸ்டாக் வகுப்பின் பிறப்பிடம்.

எளிமை வெகுகாலம் நீடிக்கவில்லை. காரின் எடையை எஞ்சினின் குதிரைத்திறனால் வகுத்து, வரும் ஈவைக்கொண்டு ஏ, பி, சி என்று வகுப்புகளில் அடுக்குவது என்.எச்.ஆர்.ஏ.வின் முறை. இந்தக் கணக்கில் நிறுவனங்கள் ஓர் ஓட்டையைக் கண்டுகொண்டன. குதிரைத்திறனைக் குறைத்து அறிவித்தால் கார் மெதுவான வகுப்பில் போய் விழும்; அங்கே எளிதில் வெல்லலாம். ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்டது 335 குதிரைத்திறன். அதை நம்பியவர் எவருமில்லை. 1968 விண்டர்நேஷனல்ஸில் அந்த எஞ்சின் பொருத்திய மஸ்டாங்கை ஓட்டி ஆல் ஜோனியெக் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றார். 1969-இல் செவ்ரோலே இசட்.எல்.-1 (ZL-1) என்ற பெயரில் கமாரோ கார்களைக் கட்டியது; அலுமினிய எஞ்சின் கொண்ட அந்தக் கமாரோக்கள் மொத்தமே 69. அவற்றுக்கு எழுதப்பட்ட 430 குதிரைத்திறன் என்ற எண்ணும் அந்த ரகம்தான். அமைப்பும் சும்மா இருக்கவில்லை. நிறுவனம் சொல்லும் எண்ணை ஒதுக்கிவிட்டு, ஓட்டத்தைப் பார்த்துத் தானே ஒவ்வோர் எஞ்சினுக்கும் மதிப்பிடத் தொடங்கியது. இன்றும் வகுப்புக்கென்று அமைப்பு வகுத்திருக்கும் குறியீட்டு நேரத்தைவிட மிக வேகமாக ஓடிக் காட்டும் எஞ்சினுக்குக் குதிரைத்திறனைக் கூட்டிவிடுவார்கள். அதற்கு அஞ்சி, ஓட்டுநர்கள் முழு வேகத்தைக் காட்டாமல் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பே பிரேக்கைத் தொடுவது வழக்கமாகிவிட்டது. தன் திறனை மறைப்பதில் திறமை காட்ட வேண்டிய விளையாட்டைக் காசு கொடுத்துப் பார்க்க வருபவன் எப்படிப் புரிந்துகொள்வான்?

தங்கியிருப்பது பிரவுன்ஸ்பர்க்கில். புகழ்பெற்ற தொழில்முறை அணிகளின் பட்டறைகள் பல இந்தச் சிற்றூரில் இருக்கின்றன. மருத்துவமனை வளாகம்போல் துப்புரவாக, கண்ணாடி முகப்புகளுடன். பந்தயப் பாதை இங்கிருந்து கூப்பிடு தூரம்.

வியாழன், பந்தயப் பாதை

இன்றைய நாளுக்காகவே வந்தேன் என்று சொல்வேன். ஸ்டாக் கார்களின் வகுப்புச் சுற்று இன்று நடந்தது.

முதலில், அணிகள் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பிட் பகுதியைச் சுற்றினோம். என்.எச்.ஆர்.ஏ. பந்தயங்களில் எந்த நுழைவுச்சீட்டு வாங்கினாலும் பிட்டுக்குள் போகலாம்; இது வேறெந்தப் பெரிய மோட்டார் விளையாட்டிலும் எளிதில் கிடைக்காத சலுகை. தொழில்முறை அணிகளின் இரட்டை மாடி டிரெய்லர்கள் நடுவில் தார்த்தளத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கடந்து, தின்பண்டக் கடைகளையும் கடந்து, நெடுந்தூரம் நடந்த பிறகே புல்வெளி வருகிறது. அங்கேதான் ஸ்டாக் கார்கள். 1960களின் ஷெவெல், 1970களின் டஸ்டர், ஒரு பழைய ஸ்டேஷன் வேகன், நேற்று வாங்கியதுபோல் மின்னும் மஸ்டாங் என்று, அமெரிக்கக் கார்களின் அரை நூற்றாண்டு அங்கே மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே நின்றது.

ஒஹாயோவிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் தம் 1969 கமாரோவின் அடியில் படுத்திருந்தார். குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். எங்களைக் கண்டதும் எழுந்துவந்து, கேட்காமலே விளக்கினார். கார்புரேட்டர் அந்த மாடலுக்குத் தொழிற்சாலை கொடுத்த வகையாக இருக்க வேண்டும். கேம் ஷாஃப்ட் வால்வைத் தூக்கும் உயரம் பழைய அளவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரத்தின் ஸ்லிக் என்னும் வழவழப்பான பந்தய டயரின் அகலம் 9 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கட்டுகளுக்குள் நின்றுகொண்டு, நூறில் ஒரு பங்கு விநாடிக்காக எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, எடை பார்த்து, மறுபடி கடைந்து பொருத்துகிறார்கள். "வெளியே பார்த்தால் என் அப்பாவின் கார். உள்ளே கைக்கடிகாரம்" என்றார் அவர். போட்டிக்கு நிற்கத்தக்க ஓர் எஞ்சினுக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகிறது என்றும் அவரே சொன்னார். வகுப்பின் பெயர் ஸ்டாக் என்பதில் உள்ள முரணை அவர் மறைக்கவில்லை.

பிற்பகலில் பாதையோரத்துக்கு வந்தோம். வழக்கமான சுற்றுகளில் மெதுவான காருக்கு முன்னுரிமை நேரம் கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பற்றிச் சனிக்கிழமை எழுதுகிறேன். வகுப்புச் சுற்றில் அந்தச் சலுகை கிடையாது. ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் மேலிருந்து கீழாக எரியும். பச்சை வந்ததும் இரண்டும் ஒன்றாகப் புறப்படும். 1,320 அடி தொலைவில் முன்னே போனவர் வென்றவர். விதி அவ்வளவுதான். பால்வாடிக் குழந்தைக்கும் புரியும். ஸ்டாக் ஓட்டுநருக்கு விளக்கைக் கணித்துத் தரும் மின்னணுக் கருவிக்கு அனுமதியில்லை. கண்ணும் காலுமே கருவிகள். ஒஹாயோக்காரர் புறப்பட்டபோது முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. இரண்டாவது கியர் விழும் வரை அந்தக் குடும்பக் கார் பின்சக்கரங்களில் நடந்து போனது. அந்தச் சுற்றையும் அடுத்த சுற்றையும் வென்று, மூன்றாவதில் ஒரு கார் நீளத்தில் தோற்றார்.

இத்தனைக்கும் பார்வையாளர் மேடையில் ஆள் இல்லை. ஓட்டுநர்களின் குடும்பங்கள், பழைய வீரர்கள் சிலர், நாங்கள். வார நாள், வேலை நேரம். இந்த விளையாட்டில் எவருக்கும் விளங்கக்கூடிய, கண்ணுக்கும் விருந்தான பகுதியை எவரும் வர முடியாத நாளில் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி

காலையில், கிரைஸ்லரின் ஹெமி என்னும் எஞ்சின் பூட்டிய கார்கள் ஓடின. சூப்பர் ஸ்டாக்கின் எஸ்எஸ்/ஏஎச் வகுப்பில் இருப்பவை 1968-ஆம் ஆண்டின் டாட்ஜ் டார்ட், பிளிமத் பாரகுடா ஆகிய இரண்டு மாடல்கள் மட்டுமே. 426 ஹெமி எஞ்சினைத் திணித்து, கண்ணாடியிழை முன்பாகங்களைப் பொருத்தி, கிரைஸ்லருக்காக ஹர்ஸ்ட் நிறுவனம் மிச்சிகனில் கட்டித் தந்தவை. சாலையில் ஓட்டுவதற்கு உரியதல்ல என்ற எச்சரிக்கைச் சீட்டுடன்தான் அவை விற்கப்பட்டன. ஆகவே, அந்தக் காலத்தில் எல்லாம் தெருவில் ஓடிய கார், இப்போது வந்தவைதாம் செயற்கை என்று மூத்தவர்கள் பிட்டில் அங்கலாய்ப்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் டார்ட்டும் பாரகுடாவும் கடைத்தெருவில் பார்த்துப் பழகிய உருவங்கள். 8 விநாடிக்குச் சற்று மேல் கால் மைலை முடிக்கும் அவற்றைக் கண்டு மேடையில் இன்று கொஞ்சம் கூட்டம் எழுந்து நின்றது. நேரான மோதலும் தெரிந்த முகமும் இருந்தால் மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மாலையில் விளக்கொளியில் நைட்ரோ ஊர்திகளின் முதல் தகுதிச் சுற்று. மேடை நிரம்பியது. ஓசை காதால் கேட்பதாக இல்லை, விலா எலும்பில் வந்து முட்டியது. 2008-இல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா நியூ ஜெர்சியின் இங்லிஷ்டவுன் பாதையில் உயிரிழந்த பிறகு இந்த ஊர்திகளுக்கான தொலைவை 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். கால் மைல் முழுவதையும் இன்றும் ஓடி முடிப்பவை புல்வெளிக் கார்கள் என்பதை மேடையில் எத்தனை பேர் அறிவார்கள்?

நைட்ரோ எரிக்கும் மற்றொரு வகுப்பான ஃபன்னி கார் வரிசையில் பாப் டாஸ்கா மூன்றாமவரின் கார் வந்தபோது அண்ணன் என் தோளைத் தட்டினார். கோப்ரா ஜெட் மஸ்டாங்கின் முன்மாதிரியைத் தம் விற்பனைக் கூடத்தில் உருவாக்கி ஃபோர்டிடம் கொண்டுபோய்க் காட்டிய ரோட் ஐலண்டு வணிகர் பாப் டாஸ்காவின் பேரன் இவர். பாட்டனார் கையிலிருந்தது ஸ்டாக் வகுப்புக்குப் போகக்கூடிய கார். பேரன் ஓட்டுவதோ மஸ்டாங் சாயலில் வார்த்த கார்பன் இழைக் கூடு, கதவுகூட இல்லாதது. இந்தக் குடும்பக் கதையிலேயே விளையாட்டின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1960களின் நடுவில் தொழிற்சாலைக் கார்களின் அச்சுகளை நகர்த்தி, எடையைப் பின்னால் தள்ளிப் பார்த்த சோதனையிலிருந்துதான் ஃபன்னி கார் பிறந்தது. 1970-இல் சூப்பர் ஸ்டாக்கின் வேகமான கார்கள் பிரிந்து புரோ ஸ்டாக் என்ற தனித் தொழில்முறை வகுப்பு ஆயின. அதன் முதல் பந்தயத்தை வென்ற பில் ஜென்கின்ஸ் ஸ்டாக் வகுப்பில் கை தேர்ந்தவர். ஸ்டாக் வகுப்பு பெற்றெடுத்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகவில்லை. பெற்றவளைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

சனி

காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ஸ்டாக் முதல் சுற்று. இங்கே முன்னுரிமைக் கணக்கு வருகிறது. ஒவ்வோர் ஓட்டுநரும் தம் கார் எத்தனை விநாடியில் முடிக்கும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவைக்க வேண்டும். 13.90 என்று எழுதியவர், 10.40 என்று எழுதியவரைவிட 3.50 விநாடி முன்னதாகப் புறப்படுவார். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. விளக்கு எரியுமுன் நகர்ந்தாலும் தோல்வி. இதனால் பழைய ஸ்டேஷன் வேகனும் புதிய மஸ்டாங்கும் சமமாக மோதலாம். பணமுள்ளவனே வெல்வான் என்ற நிலை வராமல் இத்தனை ஆண்டுகள் இந்த வகுப்பைக் காப்பாற்றியதும் இந்த முறைதான். ஆனால் முன்சீட்டில் இருந்த சிறுவன், முதலில் கோட்டைத் தாண்டிய காருக்குக் கை தட்டிவிட்டு, வெற்றி விளக்கு அடுத்த பாதையில் எரிவதைக் கண்டு தந்தையிடம் காரணம் கேட்டான். தந்தைக்கும் தெரியவில்லை. ஓட்டுபவனுக்கு நியாயமான விதி, பார்ப்பவனுக்குப் புதிராகிவிட்டது.

பிற்பகலில் மழை. பாதையை உலர்த்த நெடுநேரம் ஆனது. தொலைக்காட்சிக்கு உரிய நேரத்தை நகர்த்த முடியாதாகையால், மழை தின்ற நேரம் அமெச்சூர்களின் கணக்கில் கழிந்தது.

ஞாயிறு

புல்வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பொழுது போயிற்று. போட்டியில் தோற்று வெளியேறியவர்களும் ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்தார்கள். இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை வைத்திருந்தார்கள்.

பணம் என்பது ஒரு விடை. எந்தக் காரையும் அனுமதிக்கும் பிராக்கெட் பந்தயங்களில், மின்னணு உதவியுடன், பெரும் பரிசுத் தொகைக்கு ஓட்டலாம். விதிப்புத்தகத்துக்குக் கட்டுப்பட்ட கார்புரேட்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலம் என்பது இன்னொரு விடை. நியூ ஜெர்சியின் இங்லிஷ்டவுனில் 2018-இல் டிராக் பந்தயம் நின்றுபோனது. அட்லாண்டா டிராக்வே 2021-இல் மூடப்பட்டது. ஹூஸ்டன் பாதையும் கொலராடோ மலையடிவாரத்தின் பண்டிமியரும் 2023-இல் கடைசிப் பந்தயத்தை நடத்தின. தொழில்முறை அணிக்கு ஒரு பாதை போனால் வேறொரு பாதை உண்டு. உள்ளூர்க்காரனுக்கு அவன் ஊர்ப் பாதையே விளையாட்டு. அது போனால் கார் கொட்டகைக்குள் போகும்.

என் பார்வையில் இவற்றைவிடக் கனமான காரணம் விற்பனைக் கூடத்தில் இருக்கிறது. டாட்ஜ் சாலஞ்சர், செவ்ரோலே கமாரோ ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றது. பின்சக்கர இழுப்பும் எட்டு சிலிண்டரும் கொண்ட, சாமானியன் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையுள்ள அமெரிக்கக் காராக மஸ்டாங் ஏறத்தாழத் தனித்து நிற்கிறது. மறுபுறம், கடையில் கிடைக்கும் கார்கள் அளவுக்கு மீறி வேகமாகிவிட்டன. டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்ட் கால் மைலை 9.23 விநாடியில் கடக்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. டாட்ஜ் டீமன் 170-க்குச் சொல்லப்பட்ட நேரம் 8.91, அந்த வேகத்தில் ஓட வேண்டுமானால் பாதுகாப்புக் கூண்டு கேட்பார்கள். அன்று சாலைக் காரைப் பாதைக்குத் தகுந்ததாக்க உழைத்தார்கள். இன்று சாலைக் காரே பாதையின் விதிக்கு மிஞ்சி நிற்கிறது, அதில் கைவைத்துத் திருத்த வீட்டுக் கொட்டகையில் ஒன்றுமில்லை.

நிறுவனங்கள் ஸ்டாக் வகுப்பை அடியோடு கைவிட்டன என்றும் சொல்ல முடியாது. 2008-இல் ஃபோர்டு கோப்ரா ஜெட் பெயரை மீட்டு 50 கார்களைக் கட்டியது; டாட்ஜ் டிராக் பேக் சாலஞ்சரைக் கொண்டுவந்தது; 2012-இல் செவ்ரோலே பழைய எண்ணிக்கையை நினைவூட்டும் வகையில் 69 கோப்போ கமாரோக்களை விற்றது. எதையும் சாலையில் பதிவு செய்ய முடியாது. இவற்றின் வேகம் ஏறிக்கொண்டே போக, ஃபேக்டரி ஸ்டாக் ஷோடவுன் என்ற தனித் தொடர் எழுந்தது. கார்கள் 7 விநாடிக்கு வந்தன. 1970-இல் நடந்த பிரிவினையே மீண்டும் நடந்திருக்கிறது. வேகமான பகுதி கழன்று மேலே போகிறது, மிச்சம் புல்வெளிக்கு.

ஒஹாயோக்காரரின் மகன் இந்தப் பந்தயங்களுக்கு வருவதில்லையாம். பேத்தி வருகிறாள். அவளுக்குப் பதினாறு வயது. அழுத்தமானியைக் கையில் பிடித்தபடி, தாத்தா சொல்லும் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கார் யாருக்கு என்று கேட்டேன். "ஓட்டுநர் உரிமம் வாங்கட்டும், பிறகு பேசுவோம்" என்றார் தாத்தா. அவள் நிமிர்ந்து பார்த்து, உரிமம் போன மாதமே வாங்கியாயிற்று என்றாள்.

திங்கள்

நைட்ரோ சுற்றுகளுக்கு இடையே ஸ்டாக் இறுதிப் போட்டியை ஓட்டிவிட்டார்கள். அறிவிப்பாளர் இருவர் பெயரையும் ஊரையும் தொழிலையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்; அந்த மரியாதை குறையவில்லை. கூட்டம் அந்த இடைவெளியில் தின்பண்டம் வாங்கப் போயிருந்தது. தோற்றவர் எழுதிய நேரத்தைவிட ஆயிரத்தில் சில பங்கு விநாடி வேகமாக ஓடியிருந்தார். வென்றவருக்குக் கிடைத்தது, வாலி பார்க்ஸ் பெயரால் வாலி என்றே அழைக்கப்படும் அதே சிலை. டாப் ஃப்யூயல் வீரருக்கும் அதுவே. பரிசுத் தொகைதான் வானத்துக்கும் பூமிக்குமாக வேறுபடும்.

வகுப்புச் சுற்றை வார நாளிலிருந்து எடுத்துச் சனிக்கிழமை நண்பகலில், மேடை நிரம்பிய நேரத்தில், ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டிக் காட்டலாம் என்பது என் எண்ணம். அதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கப் போவது யார் என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

இதைப் படித்துவிட்டு வர நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். தொழிலாளர் தின வாரத்தில் பிரவுன்ஸ்பர்க், கிளர்மாண்ட் பக்கம் அறை கிடைப்பது கடினம். கோடையின் தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள். காதடைப்பான் கட்டாயம். சனி, ஞாயிறு மட்டும் வந்தால் நைட்ரோவைப் பார்ப்பீர்கள். ஸ்டாக் கார்களைப் பார்க்க வேண்டுமானால் வார நடுவில் வந்து, புறப்படும் கோட்டுக்கு இடப்பக்கம் கீழ் வரிசையில் உட்காருங்கள். முன்சக்கரம் எழுவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். இடத்துக்குப் போட்டி இருக்காது.